கூரையில் ஐந்து ஓட்டைகள்

தன் பிழைப்பின் தலையில் ஐந்து ஓட்டை போட்டுக்கொள்ள ஒருத்தி சம்மதிக்கிறாள் என்றால், ஒன்று அவளுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை ஓட்டை போடுகிறவர் மேல் கொள்ளைப் பிரியம் இருக்க வேண்டும். முதலாவதுதான் காரணம் என்று அவளுடைய அண்ணன் சாதித்தான்.

வண்டி அவளுடையது. பதினோரு வருடமாக அவளே ஓட்டும் பிக்கப். தச்சுப் பட்டறைகளில் கதவும் ஜன்னலும் ஏற்றிக்கொண்டுபோய், வீடு கட்டும் இடங்களில் இறக்குவது தொழில். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அண்ணன், தங்கைக்காக வண்டியின் பின்பக்கத்தை இரண்டு புறமும் ஒரு ஜாண் அகலப்படுத்திக் கொடுத்திருந்தான். அகலத்தோடு ஒரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. போன மாதம் விடியற்காலை இருட்டில் எதிரே வந்த பஸ் டிரைவர், முன்விளக்கு இரண்டையும் பார்த்து ‘சின்ன வண்டிதானே’ என்று கணக்குப் போட்டுவிட்டார். பாடியின் ஓரத்தில் ஒரு கை நீளத்துக்குத் தகரம் உரிந்தது. அன்றைக்கே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: கேபின் கூரைமேல் வரிசையாக ஐந்து மஞ்சள் விளக்கு போட வேண்டும். எதிரே வருகிறவனுக்கு வண்டியின் அகலம் தூரத்திலேயே தெரியும்.

விளக்குப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். “சனிக்கெழம வண்டியப் பட்டறைக்குக் கொண்டா பாப்பா. அரை மணி நேர வேல.”

“எதுக்கு மச்சான் அலைச்சல்? நானே போட்டுடறேன்,” என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

குரலுக்குரியவர் அவள் கணவர். நான்கு மாதத்துக்கு முன்புவரை குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு சூப்பிரண்டு. எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை தடவை ஒழுகியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு குழாயையும் கையால் தொட்டதில்லை. தொடுவதற்கு ஃபிட்டர்கள் இருந்தார்கள். அவர்கள் தொட்டதை இவர் எழுதினார். ஓய்வு பெற்ற அன்று ஆறு பேர் மைக்கைப் பிடித்து, “ஐயா இல்லாமல் இந்த அலுவலகம் எப்படி இயங்கப்போகிறதோ” என்று கண் கலங்கினார்கள். அலுவலகம் மறுநாள் காலை பத்து மணிக்கு ஒழுங்காக இயங்கியது. ஐயாதான் நின்றுபோனார். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டினார். செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். பிறகு அடுக்க எதுவும் இல்லாமல், ஒரே செய்தித்தாளைக் காலையிலும் மாலையிலும் படித்தார்.

“எதப் போடப்போறீங்க மாப்ள, கையெழுத்தா?” என்றான் அண்ணன்.

செய்தித்தாள் அசையவில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையில் தாள் கசங்குவதை அவள் பார்த்தாள்.

“அவரே போடட்டும்ணே,” என்றாள்.

அண்ணன் அவளை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் பேசினான். “வெளையாடறியா? தண்ணி உள்ள எறங்குச்சுன்னா கூரைக்கு உள்பக்கம் இருக்கற மேல்துணி நாறிப்போகும், வயரு பொசுங்கும். திங்கக்கெழம நாப்பது கதவோட நடுரோட்டுல நிப்ப. மழ வேற ஆரம்பிச்சாச்சு.”

“பாத்துக்கலாம்ணே.”

“என்னத்தப் பாப்ப? ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வருவேன். ஒரு சொட்டு உள்ள இருந்தாலும் வண்டிச் சாவி என் கைக்கு வந்துடணும், நானே பிரிச்சுப் போட்டுக்கறேன். அப்பறம் மாப்ள ஆயுசுக்கும் ஒரு ஸ்பேனரத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவளிடம் சொன்னது தெருமுனைவரை கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காமல் இருக்குமா?

*

சூப்பிரண்டு முதல் காரியமாக ஒரு கோப்பு திறந்தார். மேலட்டையில் ‘கூரை விளக்கு – பொருத்துதல் – தொடர்பாக’ என்று எழுதினார். அதன் பிறகு இரண்டு நாள் அளந்தார். கூரையின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுது போனது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கும் பதவி அவளுக்குக் கிடைத்தது.

“புடிச்சியா?”

“புடிச்சேன்.”

“சரியாப் புடிச்சியா?”

“ஏங்க, கூரை ஒண்ணும் ஓடிப்போயிடாது. நீங்க மெதுவா எழுதுங்க.”

காகிதத்தில் விளக்கின் அடிப்பாகத்தை வரைந்து, வெட்டி, கூரையில் ஐந்து இடத்தில் ஒட்டினார். எட்ட நின்று பார்த்தார். பிய்த்தார். அரை விரல்கடை நகர்த்தி மறுபடி ஒட்டினார். பார்க்கப் பார்க்க, வண்டிக்கு ஐந்து பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை டிரில்லை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டூலில் ஏறினார். அவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள். தகரம் கிறீச்சிட்டது. பல் கூசியது. சத்தம் நின்றது. பிறகு, பிரசவ வார்டு வாசலில் கேட்பது போல ஒரு குரல்: “வந்துடுச்சும்மா!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். கூரையில் வட்டமாக, சுத்தமாக ஒரு ஓட்டை. மேல்துணியைக் கழற்றி வைத்திருந்ததால், அதன் வழியே டிரைவர் சீட்டில் வெயில் ஒரு காசு அளவுக்கு விழுந்திருந்தது. அது துடைத்தால் போய்விடும் என்பதுபோல் சீட்டை ஒருமுறை தட்டிவிட்டாள். “நல்லா வந்திருக்குங்க,” என்றாள்.

நன்றாகத்தான் வந்திருந்தது. முப்பத்தொரு வருடம் வேலையைத் தொடாதவருக்கு, தொட்டபின் விட மனம் வரவில்லை. ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் அரத்தால் ராவினார். துரு பிடிக்காமலிருக்க பெயிண்ட் தடவினார், காயவிட்டார், மறுபடி இரண்டு முறை தடவினார். வயர் உரசாமலிருக்க ரப்பர் வளையம் போட்டார். வயரும் வயரும் சேரும் இடங்களில் மெல்லிய குழாய் மாட்டி, லைட்டர் நெருப்பில் சூடு காட்டிச் சுருங்கவைத்தார். இரண்டு விரல் சுட்டுக்கொண்டார். மாலையில் மேல்துணியை மறுபடி மாட்டிவிட்டு ஸ்விட்சைத் தட்டியதும் ஐந்து விளக்கும் மஞ்சளாக எரிந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கிட்டே போய், எண்ணிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பசை பூசும் படலம். விளக்கைச் சுற்றிச் சிலிக்கான் பூசி நீர் புகாமல் செய்ய வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. விளக்கின் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கறுப்பாகத் தீட்டியிருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“ஏங்க, பின்னால பூசாம விடணும்போல இருக்கே.”

“வரஞ்சவன் சோம்பேறி. மூணு பக்கம் தீட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.”

“வேணும்னேதான் விட்டிருப்பானோ?”

அவர் ஸ்டூலின் உச்சியிலிருந்து அவளை இரக்கத்தோடு பார்த்தார். “ஏம்மா, முப்பத்தோரு வருஷம் உக்காந்திருக்கேன். ஒரு ஓட்டைய அடைக்காம விட்டுட்டுப் போங்கன்னு ஒருத்தராவது மனு குடுத்திருக்காங்களா?”

நான்கு பக்கமும் பூசினார். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்துவிட்டார். வழித்த இடம் பளிங்காக இருந்தது. எறும்பு புக இடமில்லை.

*

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. அதற்காக அவர் அலுவலகச் சட்டை போட்டுக்கொண்டார். அவள் கேபினுக்குள் உட்கார்ந்து நிலவரம் சொல்ல வேண்டும். அவர் ஸ்டூலில் நின்று ஹோஸால் அடிப்பார்.

கூரைமேல் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. கண்ணாடி வழியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு மூச்சு சீராக வரத் தொடங்கிய நேரத்தில், தலைக்கு மேல் மேல்துணியில் ஒரு புள்ளி கறுத்தது. புள்ளி காசானது. காசு உள்ளங்கையானது. அதன் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, அவளுடைய இடது முழங்காலில் விழுந்தது.

அதே நேரம் அவர் கூரைமேல் கவிழ்ந்து, முன்கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் தலைகீழாக இருந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?”

“காய்ஞ்சு கெடக்குங்க!” என்று கத்தினாள். அடுத்த சொட்டை உள்ளங்கையில் பிடித்து விரல்களை மூடிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் அடிக்கறேன்!”

“போதும், எறங்குங்க!”

“பயப்படாதம்மா! இது தாங்கும்!”

தாங்கியது அவள் கைதான். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை நிரம்பியது. மடியில் துடைத்துவிட்டு மறுபடி ஏந்தினாள். அவர் இறங்கிய கையோடு அண்ணனுக்குப் போன் போட்டார். “மச்சான், வர்றப்ப குடை எடுத்துட்டு வாங்க. வெளிய நிக்கறதுக்கு. உள்ள தேவப்படாது.”

சமையலறையில் நின்றுகொண்டு அவள் யோசித்தாள். அண்ணனிடம் தனியாகச் சொல்லலாம். அவன் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுப்பான். பிறகு சத்தத்தோடு எல்லோரிடமும் சொல்வான். சொல்லாமலே விட்டுவிட்டால் நாளைக்கு நாற்பது கதவோடு தலையில் மழை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவு ஒன்றுதான்: அவர் மறுபடி செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்காது.

அவரை அவள் முதன்முதலில் பார்த்ததே சண்டை போடப் போன இடத்தில்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் பட்டறை வாசலில் குழாய் உடைந்து தேக்குப் பலகையெல்லாம் நனைந்து நெளிந்துபோனது. குடிநீர் அலுவலக ஜன்னலில் நின்று கால் மணி நேரம் கத்தினாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒல்லியாக இருந்த குமாஸ்தா குறுக்கே பேசவில்லை. அவள் கத்தி முடித்ததும் பேனா மூடியைக் கழற்றி, சாவு வீட்டில் விசாரிக்கிற குரலில், “எப்பலேருந்துங்க?” என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு மூன்று நாள் அவரே நேரில் வந்து குழாயைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்த பிறகும் அது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவ்வளவு கவனமாகத் தன் கஷ்டத்தைக் கேட்ட ஆளை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான்கு மாதமாக அவரிடம் யாரும் எதையும் குறைசொல்லவில்லை. பாவம் என்று எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். டப்பாவுக்கு எண் ஒட்டினாலும் ‘அருமை’, செருப்பை அடுக்கினாலும் ‘அருமை’. இன்று ஒரு உண்மையான ஒழுகல் வந்தது, அதையும் அவள் கைக்குள் மூடிவைத்துக்கொண்டாள்.

மடியில் ஈரம் இன்னும் காயவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

*

அவர் சாய்வு நாற்காலியில் வெற்றிக் களிப்போடு கண்ணை மூடியிருந்தார்.

“ஒரு புகார் குடுக்கணும்,” என்றாள்.

கண் திறந்தது. கை தானாகவே மூக்குக்கண்ணாடியைத் தேடியது. மார்பு நிமிர்ந்தது. “சொல்லுங்க,” என்றார், மனைவி என்பதை ஒரு கணம் மறந்து. தாளை வாங்கிக்கொண்டார். “எடம்?”

“பிக்கப் வண்டி. டிரைவர் சீட்டுக்கு மேல.”

பேனா நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. “என்ன மாதிரி?”

“சொட்டு சொட்டா.”

“எப்பலேருந்து?”

“காலைல பத்தே காலுலேருந்து.”

அவர் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். “பத்தே காலுக்கு நீ காய்ஞ்சு கெடக்குன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“பொய்யி?”

“கண்ணாடி வழியா உங்க மூஞ்சி தலகீழாத் தெரிஞ்சுது. நாலு மாசம் கழிச்சு சிரிச்சீங்க. என்னன்னு சொல்றது?”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. இதோ எழுந்து போய்ச் சாவியை எடுத்து வைத்துவிடப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“ஈரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கு?” என்று கேட்டார்.

“ஒரு கையகலம்.”

“சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“எண்ணலியே.”

“எண்ணணும்மா!” குரலில் உண்மையான வேதனை இருந்தது. “அதுலதான எல்லாம் இருக்கு!” சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

ஸ்டூலில் ஏறி, டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே இருந்த விளக்கின் மூடியைக் கழற்றினார். உள்ளே மீன் தொட்டி மாதிரி தண்ணீர் நின்றது. மீன் மட்டும்தான் இல்லை. வெகுநேரம் அதைப் பார்த்தார். விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

“மூடித் திருகாணி வழியா சொட்டு சொட்டா வந்திருக்கு. அது பரவால்ல, கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனா வந்தது வெளிய போக வழியில்ல. நாலு பக்கமும் அடச்சுட்டேன். ரொம்பி, வயரு ஓட்டை வழியா உன் மடிக்கு வந்துடுச்சு.” ஸ்டூலிலிருந்து கீழே பார்த்தார். “வரஞ்சவன் டீ குடிக்கப் போகலம்மா.”

“நான் அப்பவே…”

“நீ அப்பவே சொன்ன.” தலையைச் சொறிந்துகொண்டார். “ஒரு வீட்டுல மீட்டர் குழியோட வடிகால சிமெண்ட் வச்சு அடச்சுட்டாங்க. சமயக்கட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு பதினேழு புகார். பதினேழையும் நான்தான் பதிஞ்சேன்.”

“என்ன பண்ணீங்க?”

“தக்க நடவடிக்கை எடுக்கப்படும்னு எழுதினேன்,” என்றார் அவர், முதன்முறையாக அந்த வாக்கியத்துக்கு வெட்கப்பட்டு. “பதினேழு தடவயும்.”

பிளேடை எடுத்து, விளக்குகளின் பின்பக்கப் பசையை மட்டும் கீறி உரிக்கத் தொடங்கினார். மூன்றாவது விளக்கில் இருக்கும்போது கேட் திறந்தது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே, தோளில் கருவிப் பையோடு அண்ணன்.

“என்ன மாப்ள, காலைல போன்ல அந்தப் பேச்சு! இப்ப என்னத்தப் பிச்சுட்டிருக்கீங்க?”

“அது ஒண்ணுமில்லண்ணே, சும்மா பாக்க நல்லா இருக்கட்டும்னு…” என்று அவள் முந்திக்கொண்டாள்.

“ஒழுகுச்சு மச்சான்,” என்றார் அவர். “டிரைவர் சீட்டுக்கு மேல. உங்க தங்கச்சி முன்னாடியே சொன்னா. நான் கேக்கல. தப்பு என்னுது.”

அவர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமும் தவறுகள் தாமாகவே நேர்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் செய்தவர் என்று ஒருவர் அகப்பட்டதே கிடையாது. இப்போது ஒருவர், நனைந்த அலுவலகச் சட்டையோடு, ஸ்டூல்மேல் அகப்பட்டு நின்றார்.

ஜம்பத்தை உடைக்கத் தயாராக வந்திருந்த அண்ணனுக்கு, உடைக்க ஒன்றும் கிடைக்காமல் கை தடுமாறியது. “சொன்னது சொன்னதுதான். சாவியக் குடு பாப்பா,” என்று முணுமுணுத்தான். அவள் சாவியை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். “மொதல்ல பாருண்ணே. பாத்துட்டுக் கேளு.”

எவ்வளவு வேலை கெட்டிருக்கிறது என்று பார்க்க அண்ணன் ஸ்டூலில் ஏறினான். மூடி கழற்றியிருந்த விளக்குக்குள் குனிந்து பார்த்தான். ஓட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தான்.

“ஓரத்துக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?”

“நான்தான். துரு புடிக்குமேன்னு.”

“ரெண்டு தடவயா?”

“மூணு.”

“வயருக்கு இந்தக் குழாயி… அஞ்சுலயும் மாட்டியிருக்கீங்களா?”

“அஞ்சுலயும். ரெண்டு வெரல் போச்சு.” காட்டினார்.

அண்ணன் இறங்கினான். இருபது வருடத்தில் எத்தனையோ கூரையில் எத்தனையோ விளக்கு போட்ட கை அது. “நானா இருந்தா வயருல கறுப்பு டேப்ப சுத்தி விட்டிருப்பேன்,” என்றான், யாருக்கும் கேட்காது என்று நினைத்து. அவன் குரலின் யோக்கியதைதான் தெரியுமே.

“என்னண்ணே சொன்ன?”

“ஒண்ணுமில்ல. இன்னொரு பிளேடு இருக்கான்னு கேட்டேன்.”

மீதி இரண்டையும் ஆளுக்கொன்றாக உரித்தார்கள். ஹோஸை அண்ணன் பிடுங்கிக்கொண்டான். “உள்ள போங்க ரெண்டு பேரும். நீங்க அடிச்சது பூச்செடிக்கு. நான் அடிக்கறேன் பாருங்க.”

அவர் டிரைவர் சீட்டில், கறைக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அவள் பக்கத்தில். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவள் ரோட்டைப் பார்த்ததில்லை. கண்ணாடிகளை ஏற்றியதும் வெள்ளம் இறங்கியது. அவர் உள்ளங்கையை விரித்து மேலே ஏந்தினார். மறுகையில் கடிகாரம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். காலையில் சொட்டிய நேரம் வந்தது, கடந்தது. கை காய்ந்தே இருந்தது.

“பின்னால பாருங்க,” என்றாள்.

பின்கண்ணாடியில் ஐந்து மெல்லிய நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்குக்கு ஒன்றாக. வந்த தண்ணீர் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. அவர் உடம்பை முழுக்கத் திருப்பி, முழங்காலை சீட்டில் ஊன்றி அதைப் பார்த்தார். அவருடைய முழங்கை அவள் தோளில் பதிந்திருந்தது. எடுக்க மறந்துவிட்டார். அவளும் நினைவுபடுத்தவில்லை.

“ஒழுகுதா?” என்று வெளியேயிருந்து சத்தம். ஹோஸ் இணைப்பு பீச்சியடித்து, அண்ணன் இடுப்புவரை நனைந்திருந்தான்.

அவள் “இல்ல” என்று வாயெடுத்தாள். அவர் விரலை உயர்த்தி நிறுத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், “சரியாத் தெரியல மச்சான்! எடது பக்கம் சந்தேகமா இருக்கு! இன்னும் கொஞ்சம் நல்லா அடிங்க!” என்றார்.

அண்ணன் இடது பக்கம் ஓடினான். அவளுக்குச் சிரிப்பு அடக்கமாட்டாமல் சீட்டே குலுங்கியது.

“நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நாலரைக்கு.”

“நானும் வரட்டுமா?”

“வாங்க,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆனா என் சீட்ட விட்டு எறங்கிடணும்.”

வெளியே அண்ணன் மூச்சு வாங்க வலது பக்கத்தையும் அடிக்கத் தொடங்கியிருந்தான்.